பதினோரு விநாடி

கடிதத்தை பெர்ட் லஸ்கோம் இரண்டு தடவை படித்தான். முதல் தடவை மனசுக்குள். இரண்டாவது தடவை, தெருவில் போகிறவனுக்கும் கேட்கும்படி.

"'இவ்வருட விருந்துக்கு நான் வருவதில் உறுப்பினர்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.' கேட்டியா எர்னி? ஆட்சேபம் உண்டாவாம்! இருபத்துநாலு வருஷம் கழிச்சு ஐயாவுக்குப் பசி எடுத்திருக்கு."

எர்னி பாஸ்கோ ஐவி ஹாக்கிங்கின் சமையலறையில், சன்னலோர நாற்காலியில், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த மூன்று பேரும்தான் சங்கத்தின் கமிட்டி. 'டாலண்ட்' என்ற போர்க்கப்பல் நாற்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம் அட்லாண்டிக்கில் மூழ்கியது. அதில் பிழைத்தவர்களும், பிழைக்காதவர்களின் பெண்டாட்டிகளும் வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் முதல் ஞாயிறு மத்தியானம், டெவன்போர்ட் துறைமுக ஊரில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லஸ்கோம் செயலாளர். கப்பலில் கொதிகலன் அறையில் கிடந்தவன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, இன்றைக்கும் அவனுக்கு மெதுவாகப் பேச வராது. ஐவி, அந்தக் கடலில் செத்த ஸ்டான் ஹாக்கிங்கின் மனைவி. விருந்துச் சமையல் அவள் பொறுப்பு. பாஸ்கோ எதற்குக் கமிட்டியில் இருக்கிறான் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: எர்னி யோக்கியன்.

கடிதம் எழுதியவர் ஜெஃப்ரி ஆன்ஸ்டே. டாலண்டின் கேப்டன்.

"இன்னும் இருக்கு, கேளு. மருத்துவர் கோடைக்கு மேல தாங்காதுன்னு சொல்லிட்டாராம். அதனால கடைசியா ஒரு தடவை..." லஸ்கோம் காகிதத்தை மேசையில் விட்டெறிந்தான். "நாப்பத்தோரு பேரு இந்தாளால செத்தான். அவனுங்களுக்கு எந்த டாக்டரு கெடு குடுத்தான்?"

ஐவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கத்தாதே பெர்ட். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குது."

"கத்தலே. பேசறேன்."

"இது பேச்சுன்னா, கத்தினா கூரை போயிடும். அப்புறம் எர்னிதான் வந்து போடணும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு பாஸ்கோவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "முன்னெல்லாம்னா இந்தக் கடுதாசியை அடுப்புல போட்டிருப்பேன். இப்ப என்னவோ கை வரலே. எர்னி, நீ அவருகூட நின்னவன். குண்டெல்லாம் உன் கையில இருந்துச்சு. நீ போய் ஆளைப் பாரு. வரலாம்னு உனக்குத் தோணினா கூட்டிட்டு வா. வேணாம்னு தோணினா வேணாம். உன் சொல்லு எனக்குப் போதும், கண்ணு."

"எர்னி சொன்னா எனக்கும் சரி," என்றான் லஸ்கோம். "ஆனா எர்னி அப்படிச் சொல்ல மாட்டான்."

பாஸ்கோ தேநீரைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

டெவன்போர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. டாலண்டின் பின்பக்கத்தில் பீப்பாய்க் குண்டுகள் வரிசையாக இருக்கும். நீர்மூழ்கிக் கப்பலை அடிக்கக் கடலில் உருட்டிவிடுகிற குண்டுகள். இவ்வளவு ஆழத்தில் வெடி என்று சாவி போட்டுத் திறந்துவிட்டால், அந்த ஆழம் போனதும் வெடிக்கும். தன் கப்பலே மூழ்கப்போகிறது என்றால் கேப்டன் கொடுக்கவேண்டிய முதல் கட்டளை, குண்டுகளைப் பூட்டு என்பது. பூட்டாமல் விட்டால் கப்பலோடு சேர்ந்து அவையும் கீழே போய், மேலே நீந்துகிற சொந்த ஆளையே கொல்லும். டாலண்டை எதிரியின் டார்ப்பீடோ அடித்த பிறகு அது பதினெட்டு நிமிஷம் மிதந்தது. தொண்ணூறு பேர் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் முழுகியது. கீழே நாலு குண்டு வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நாற்பத்தோரு பேர் வாயில் ரத்தத்தோடு மிதந்தார்கள். ஸ்டானும் அதில் ஒருவன்.

விசாரணையில் ஆன்ஸ்டே எழுந்து, "பூட்டச் சொல்லி நான் கட்டளை கொடுக்கவில்லை. தவறு என்னுடையது," என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கப்பல் கிடையாது. ஊருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

பாஸ்கோவுக்குத் தெரிந்த கதை வேறு. கட்டளை வந்தது. தெளிவாக வந்தது. குண்டுகளுக்குப் பொறுப்பாக இருந்த பாஸ்கோதான் சாவியோடு ஓடினான்.

அந்தக் கதைக்கு ஒரு முன்கதை. கேப்டன் ஆன்ஸ்டேயிடம் ஒரு நிறுத்துக்கடிகாரம் இருந்தது. அவருடைய அப்பா கொடுத்தது. அவர் அப்பாவும் கடற்படை, தாத்தாவும் கடற்படை. தினம் காலையில் அபாய மணி அடிக்கச் சொல்லி, முதல் நாலு குண்டு உருளத் தயாராக எத்தனை விநாடி என்று பார்ப்பார். 'லிட்ஃபோர்ட்' என்ற கூட்டாளிக் கப்பல் பத்தொன்பது விநாடியில் செய்தது. டாலண்ட் இருபத்திரண்டு. இரண்டு கப்பல் ஆட்களுக்கும் பந்தயம்: தோற்றவன் தன் அன்றாட ரம்மை ஜெயித்தவனுக்குக் கொடுக்கவேண்டும். மத்தியான ரம்மை இழந்த மாலுமியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. இரண்டு வாரம் இழந்தார்கள். அப்புறம், முதலில் உருளுகிற இடது வரிசையின் கடைசி நாலு குண்டை முன்கூட்டியே திறந்து வைத்தார்கள். பதினோரு விநாடி!

பூட்டித்தான் வைக்கவேண்டும் என்பது விதி. ஆகவே தினம் காலையில் பாஸ்கோ மேல்தளத்துக்குக் பேசுகுழாய்வழியே கத்துவான்: "எல்லாம் பூட்டியிருக்கு, சார்." ஐந்து மாசம் தினம் சொன்ன பொய், பல் விளக்குவதுபோலப் பழகிவிட்டது.

டார்ப்பீடோ அடித்த காலையிலும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வலது வரிசையைப் பார்த்தான், பூட்டியிருந்தது. இடது வரிசையின் கடைசி, தண்ணீருக்குள் போய்விட்டது. மூச்சுப் பிடித்து முங்கினால் சாவி எட்டியிருக்கும். மேலிருந்து கேப்டன், "பூட்டியாச்சா?" என்றார். பழகிய நாக்கு பழகியதைச் சொன்னது. "எல்லாம் பூட்டியாச்சு, சார்."

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "கட்டளை கொடுக்கவில்லை என்று உன் கேப்டன் சொல்லிவிட்டார். அப்படித்தானே?" பாஸ்கோ, "ஆமாம், சார்," என்றான். இரண்டே சொல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதற்குப் பிறகு ஐவியின் வீட்டை அவன் கவனமாகப் பார்த்துக்கொண்டான். ஐவியின் கூரையை மாற்றினான், குழாயைச் சரிபண்ணினான், ஸ்டானின் பையனுக்குக் கப்பல்கட்டும் தளத்தில் வேலை பார்த்துக் கொடுத்தான். ஐவி விதவையாகி எட்டாம் வருஷம், "ஏன் எர்னி, நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எந்த வாயால் சொல்வது?

மறுநாள், வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு சங்கிலியில் ஓடுகிற படகில் ஆற்றைத் தாண்டி டார்பாய்ன்ட் போனான். ஆன்ஸ்டேயின் வீடு மேட்டுத்தெருவின் கடைசி. கேப்டன் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கதவை அவரே திறந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும், அவ்வளவு வற்றியிருந்தார்.

"பாஸ்கோ," என்றார். கேள்வியாக இல்லை. ஆளெண்ணிக்கை எடுக்கும்போது பட்டியலில் கோடு போடுகிற மாதிரி.

"சார்."

"உள்ள வா. அடுப்புல முட்டை கிடக்குது."

சமையலறைச் சுவரில் ஆணியில் அந்த நிறுத்துக்கடிகாரம் தொங்கியது. பாஸ்கோவின் கண் அதில் நின்றது. ஆன்ஸ்டே அவன் பார்வையைப் பார்த்தார்.

"முட்டைக்கு நாலு நிமிஷம். இதனால உருப்படியா நடக்கற வேலை அது ஒண்ணுதான்." கடிகாரத்தை எடுத்து அழுத்திவிட்டு மேசையில் வைத்தார். "தேத்தண்ணி போட்டுத் தரேன். நல்லா இருக்காது. கப்பல்ல யாராவது போட்டுக் குடுப்பாங்க. பள்ளிக்கூடத்துலயும் ஒரு அம்மா போட்டுக் குடுப்பாங்க. இப்பதான் நானே கத்துக்கிட்டிருக்கேன், அறுபது வயசுல."

அவர் வாழ்க்கையைப் பாஸ்கோ அங்கும் இங்கும் கேட்டுத் தெரிந்துதான் வைத்திருந்தான். பதின்மூன்று வயதில் தகரப்பெட்டியோடு கடற்படைப் பள்ளிக்கூடம். அப்புறம் சீனத்து ஆற்றில் ஒரு சின்னப் பீரங்கிப் படகு, மால்ட்டா, நடுவில் பாதிச் சம்பளத்தில் இரண்டு வருஷம். முப்பத்தைந்து வயதில் டாலண்ட். தனக்கென்று கிடைத்த முதல் கப்பல், அதுவே கடைசி. விசாரணைக்குப் பிறகு வடக்கே ஒரு தீவில் கயிறும் வலையும் எண்ணுகிற உத்தியோகம். சண்டை முடிந்ததும், போகலாம் என்றார்கள். இந்த ஊர்ப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மனைவி செத்து ஒன்பது வருஷம். அவரோடு படித்தவர்கள் அட்மிரல் ஆகி, பட்டம் வாங்கி, செத்தும் போனார்கள். இவர், கப்பலில் கேப்டன் என்று கூப்பிட்டாலும், பதவியில் லெப்டினன்ட் கமாண்டராகவே நின்றுவிட்டார்.

தேநீர் அவர் சொன்னபடியே கேவலமாக இருந்தது.

"ஆட்சேபம் உண்டா, இல்லையா?" என்றார்.

பாஸ்கோ முழங்காலில் வைத்த தொப்பியைச் சுற்றினான். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். கட்டளை குடுக்கலேன்னு ஏன் சொன்னீங்க?"

ஆன்ஸ்டே அவன் பக்கம் திரும்பினார். "உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு நினைச்சியா? இத்தனை வருஷமா?"

"வேற என்ன நினைக்கறது?"

"நினைக்காதே. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. பூட்டின நாலு குண்டைத் திறந்து, பதினோரு விநாடியில தயார் பண்ண, மனுஷனுக்கு நாலு கை வேணும். அது எனக்கு முதல் நாளே தெரியும்."

பாஸ்கோவின் கையில் தொப்பி சுற்றுவது நின்றது. "தெரியுமா?"

"தெரியும். தெரியாத மாதிரி கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். அட்மிரல் பாராட்டி ஒரு செய்தி அனுப்பினாரு. அதுக்குச் சட்டம் போட்டு என் அறையில மாட்டினேன். ஒருநாள் பின்பக்கம் நடந்துபோய்க் கையால தொட்டுப் பார்த்திருந்தா போதும். போகலே. தொட்டா தெரிஞ்சுடுமே."

முட்டை பாத்திரத்தில் முட்டி முட்டிச் சத்தம் போட்டது.

"அன்னிக்கு நீ 'எல்லாம் பூட்டியாச்சு'ன்னு கத்தினே. பொய்யின்னு அந்த நொடியே எனக்குத் தெரியும். 'கடைசி நாலையும் போய்ப் பாரு'ன்னு சொல்ல எனக்குப் பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சு. சொல்லலே. சுத்தி அதிகாரிங்க நிக்கறாங்க. என் கப்பல்ல குண்டு திறந்து கிடக்குதுன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி ஆயிடும். கப்பல் தாங்கும்னு நினைச்சேன். நினைக்கப் பிடிச்சதை நினைச்சேன்." அவர் கடிகாரத்தை விரலால் தள்ளினார். "மறதின்னு சொன்னா வேலை போகும். தெரிஞ்சே விட்டேன்னு சொன்னா முகத்துல துப்புவாங்க. ரெண்டுல சின்னதை ஒத்துக்கிட்டேன், பாஸ்கோ. உங்க ஆளுங்க என்னைத் திட்டறது கூட, நான் செஞ்சதுக்கு இல்லே. செய்யாததுக்கு."

அதிகாரி அன்பாகப் பேசினால் பின்னால் ஏதோ வேலை வைத்திருக்கிறான் என்று பொருள். பாஸ்கோ முப்பது வருஷமாக அப்படித்தான் நம்பி வந்தான். இது அன்பு இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் பின்னால் இருப்பது என்ன?

"விருந்துக்கு வந்து என்ன பண்ணப்போறீங்க?"

"பேர் சொல்லி நிக்கற வழக்கம் இன்னும் உண்டா?"

"உண்டு சார்."

கடற்படையில் அது பழைய வழக்கம். கேப்டன் முன்னால் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, தன் பெயரும் பதவியும் கப்பலில் தன் வேலையும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சங்க விருந்திலும் சாப்பாட்டுக்கு முன் அதைச் செய்வார்கள்.

"வாழ்நாள் பூரா எதிர்ல நின்னு கேட்டிருக்கேன். ஒரு தடவைகூட வரிசையில நின்னதில்லே. ஒரு தடவை தொப்பியைக் கழட்டிட்டு, என் பேரையும் நான் செஞ்சதையும் சொல்லணும். முக்கியமா மிஸஸ் ஹாக்கிங் முன்னாடி. மன்னிப்பெல்லாம் கேக்கப்போறதில்லே. உன் பேரையும் இழுக்க மாட்டேன்."

இழுக்க வேண்டியதே இல்லை. குண்டு திறந்து கிடந்தது எனக்குத் தெரியும் என்று இவர் சொன்னால், ஐவி அடுத்து யாரைப் பார்ப்பாள்? கூரை போட்டவனை. குழாய் மாட்டியவனை. உன் சொல் போதும் என்று அவள் சொன்ன அதே ஆளை. குற்றமுள்ள நெஞ்சு வேகமாகக் கணக்குப் போடும். பாஸ்கோவின் நெஞ்சு முட்டை வேகிறதற்குள் போட்டு முடித்துவிட்டது.

"ஐவி வேணாம்னுட்டா சார்," என்றான்.

ஆன்ஸ்டே தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆமா. அதுதான் நியாயம். அவங்க வேற என்ன சொல்லுவாங்க."

அதன்பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிஷம் ஓடியிருந்தது. முட்டை கல்லாகியிருக்கும். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, வாசல்வரை கூடவே வந்தார். பாஸ்கோ தொப்பியைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் சல்யூட் வைத்தான். தலையில் தொப்பி இல்லாதவன் சல்யூட் வைக்கக் கூடாது. கடற்படையில் அது விதி. ஆன்ஸ்டே வெறுந்தலை. ஆகையால் கையைத் தூக்காமல் நிமிர்ந்து மட்டும் நின்றார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நிமிர்வும்.

ஐவியிடம் பாஸ்கோ ஒரே வரியில் முடித்தான். "உடம்பு ரொம்ப முடியலே. வரலேன்னுட்டாரு."

"பாவம்," என்றாள் ஐவி. அந்த ஒரு சொல்லை அவன் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் முதல் ஞாயிறு மழை இல்லாமல் விடிந்தது. படைவீரர் மன்றத்தின் கூடத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். பழைய மாலுமிகள் இருபத்திரண்டு பேர், சங்கத் தொப்பியும் பதக்கமுமாக. மனைவிமார், விதவைகள் ஒரு பதினைந்து. லஸ்கோம் மேசையின் தலைப்பக்கம் பட்டியலோடு உட்கார்ந்து, இருக்கிற எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"வா எர்னி, வா. கல்யாண மாப்பிள்ளை கணக்கா சவரம் பண்ணியிருக்கே. மூஞ்சி மட்டும் சாவு வீட்டு மூஞ்சி!"

"உன்னைப் பார்த்தா வேற எப்படி வரும்?" என்று யாரோ சொல்ல, மேசை சிரித்தது. பாஸ்கோவும் சிரித்துவைத்தான்.

ஐவி கூடையோடு வந்தாள். வருஷா வருஷம் எல்லோருக்கும் பாஸ்டி அவள்தான் செய்வாள்: மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது, ஆளுக்கு ஒன்று, மூலையில் அவனவன் பெயரின் எழுத்தை மாவால் ஒட்டியிருக்கும். பாஸ்கோவினுடையதை அவன் முன்னால் வைத்தாள். அடுத்து, துணி சுற்றிய ஒன்றைத் தனியாக எடுத்தாள். துணி விலகிய மூலையில் இரண்டு எழுத்து தெரிந்தது. ஜெஃப்ரி ஆன்ஸ்டேயின் எழுத்துகள்.

"வர முடியாதவரு சாப்பிடக் கூடாதுன்னு சட்டமா?" என்று மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு நீ அந்தப் பக்கம் போய்க் குடுத்துட்டு வந்துடு, கண்ணு. இத்தனை வருஷம் அந்தாளு பேரைக் கேட்டாலே அடிவயிறு எரியும். நேத்து மாவு பிசையும்போது எரியுதான்னு பார்த்தேன். எரியலே. மறதிதானே. எனக்கே இப்பல்லாம் எவ்வளவு மறக்குது."

பாஸ்கோ அந்த இரண்டு எழுத்தையே பார்த்தான். முன்னால் வைத்த தன் பாஸ்டியிலிருந்து ஆவி வந்தது. அதைக் கையால் தொட அவனால் முடியவில்லை.

லஸ்கோம் மேசையைத் தட்டினான். பேர் சொல்லி நிற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவனாக லஸ்கோமின் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றி, பெயர், பதவி, வேலை. சமையற்காரன், சிக்னல்காரன், பீரங்கிக்காரன். செத்தவன் பெயர் வந்தால் எல்லோருமாக, "காவல் பணியில் இருக்கிறான்," என்பார்கள். கேப்டன் பெயர் பட்டியலிலேயே கிடையாது. முதல் வருஷமே லஸ்கோம் அடித்துவிட்டான்.

"பாஸ்கோ!"

நடந்துபோனான். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். 

"எர்னஸ்ட் பாஸ்கோ. குண்டுப் பிரிவுக்குப் பொறுப்பு." இருபத்துமூன்று தடவை அதோடு நிறுத்தித் திரும்பியிருக்கிறான். "கேப்டன் பூட்டச் சொன்னாரு. கட்டளை வந்துச்சு. இடது வரிசையில நாலு குண்டை நான் பூட்டலே. பூட்டியாச்சுன்னு கத்தினேன். பொய்."

லஸ்கோமின் பென்சில் அப்படியே நின்றது. "எர்னி. போய் உக்காரு. குடிச்சிருக்கான், யாராவது பிடிங்கடா."

"குடிக்கலே. விசாரணையிலயும் பொய் சொன்னேன். அவரு மறந்தாருன்னு நீங்கல்லாம் திட்டும்போது சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன். போன வாரம் அவரு வரேன்னுதான் சொன்னாரு, ஐவி. நீ வேணாம்னு சொன்னதா நான்தான் சொன்னேன்."

ஐவி உட்காரவில்லை. மேசையின் அந்தக் கோடியில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த நாலு மட்டும் ஏன் திறந்திருந்துச்சு?"

அவன் பதினோரு விநாடியைச் சொன்னான். லிட்ஃபோர்ட்டைச் சொன்னான். கேப்டனுக்கும் அது தெரியும், அதைச் சொல்லத்தான் வருவதாக இருந்தார் என்பதையும் சொன்னான். 

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

பாஸ்கோ வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மேசையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பார்வை வர வர ஒவ்வொரு நரைத்தலையாகக் கவிழ்ந்தது. இருபத்திரண்டு விநாடியை ஒரே ராத்திரியில் பதினொன்றாக்கியது எப்படி என்று ரம் குடித்த எவனும் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். கேப்டன் தானாகத் தலையை நீட்டினார், எல்லோரும் அந்தத் தலையிலேயே வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

"அந்த வாரம் பூரா லிட்ஃபோர்ட்காரன் ரம்மு," என்றான் லஸ்கோம். பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நானும் குடிச்சேன், ஐவி."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "திறந்து வைக்கலாம்னு யோசனை யாருது, எர்னி?"

ஸ்டானுடையது. பாஸ்கோவின் பிரிவில் ஸ்டான்தான் சூட்டிகை. ஒரு சாயங்காலம் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "நாலே நாலு, எர்னி. யாரு பார்க்கப்போறா?" என்று சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

"என்னுது," என்றான் பாஸ்கோ.

லஸ்கோம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். சொன்ன பிறகுதான் பாஸ்கோவுக்கு, 'ரெண்டுல சின்னதை ஒத்துக்கிட்டேன்' என்று ஆன்ஸ்டே சொன்னது விளங்கியது. அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்தது! தைரியமும் இல்லை, தியாகமும் இல்லை. அவ்வளவு பெரிய பொய்க் குப்பையில் இன்னொரு பிடி.

ஐவி துணிசுற்றிய பாஸ்டியைக் கையில் எடுத்தாள். கூடையை அப்படியே மேசையில் விட்டாள். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, "படகு எத்தனை மணிக்கு?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"கால் மணிக்கு ஒண்ணு," என்றான் பாஸ்கோ. "ஐவி, வீடு உனக்குத் தெரியாது. நானும்..."

"வந்தா வா. பக்கத்துல வராதே."

படகில் அவள் ஒரு கோடி, அவன் ஒரு கோடி. நடுவில் இரண்டு லாரியும் ஒரு பால்வண்டியும். சங்கிலி கடகடவென்று ஆற்றடியிலிருந்து ஏறி ஏறி வந்தது. அவள் பாஸ்டியைக் கோட்டுக்குள் வைத்து, சூடு போகாமல் இரண்டு கையாலும் மூடியிருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. காற்று முடியைக் கலைத்தபோதுதான் பாஸ்கோவுக்குத் தொப்பியை லஸ்கோமின் மேசையிலேயே விட்டது தெரிந்தது.

மேட்டுத்தெருவில் அவளுக்கு இருபது அடி பின்னால் ஏறினான். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. தெரு முடிவதுவரை போய், நின்று, பாதி மட்டும் திரும்பினாள். அவன் கையைக் காட்டினான். அவள் போய்க் கதவைத் தட்டினாள். அவன் வெளிக்கதவிலேயே நின்றான்.

திறக்க வெகுநேரம் ஆனது. ஆன்ஸ்டே சட்டையோடு நின்றார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் உள்ளே திரும்பி, கோட்டைத் தேடி, ஒரு கை மாட்டி மறு கை அகப்படாமல் தவித்தார். ஐவி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கோட்டின் கையைப் பிடித்துக்கொடுத்தாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவள் ஏதோ ஒன்று கேட்டாள். அவர் நின்றபடியே, நிதானமாக, வெகுநேரம் பதில் சொன்னார். பெயரிலிருந்து ஆரம்பித்திருப்பார். நடுவில் ஒருமுறை அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தபோது அவள் பாஸ்டியை அவர் கையில் வைத்தாள். கொடுத்தாள் என்று சொல்வதைவிட, இறக்கிவைத்தாள் என்று சொல்லலாம். உள்ளே போகவில்லை. திரும்பி, பாதையில் இறங்கி, வெளிக்கதவில் நின்ற பாஸ்கோவைத் தாண்டிப் போனாள், அங்கே கம்பம் நிற்பதுபோல.

ஆன்ஸ்டே வாசலிலேயே நின்றார். இப்போதுதான் அவனைப் பார்த்தார்.

பாஸ்கோவின் கை தானாக எழுந்தது. தோள்வரை வந்தது. அப்புறம் தலையில் ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்து, பாதியில் நின்றது. அதைக் கீழே இறக்கவும் தெரியாமல், மேலே கொண்டுபோகவும் உரிமை இல்லாமல், அவன் அப்படியே நின்றான்.